ஒரே அடுப்பு, பதினோரு பேர்

என் கொழுந்தன் மதிவாணனை வேலையை விட்டு நீக்கிய பத்திரிகை, அதை வாட்ஸ்அப்பில்தான் சொன்னது. அடையாறு, மயிலாப்பூர் பகுதிச் செய்திகளுக்காக வெயிலில் அலைந்து கறுத்தவனுக்கு இரண்டே வரி: பகுதிப் பக்கங்கள் நிறுத்தப்படுகின்றன, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவன் அதை எங்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினான். "வுடு அண்ணி. இனிமே எவன் முன்னாடியும் கை கட்டி நிக்க வேணாம். கையில போன் கீது, ஊர்ல நியூஸ் கீது. நானே போடறேன்" என்றான். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. எங்கள் தெருவில் எழுதிப் பிழைத்தவன் அவன் ஒருவன்தான்.

நான் ஷீலா, அந்த வீட்டின் மூத்த மருமகள். தி.நகரில் ஒரு அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. மந்தைவெளியில் பறக்கும் ரயிலுக்குக் கீழே, கால்வாய்க் கரையில் எங்கள் வீடு. வீடு ஒன்று, குடித்தனம் மூன்று. முன்னறையில் என் மாமியார் தேவானையும் மதியும். பின்பக்கம் நடு மகன் தமிழ்மாறன், அவர் பெண்டாட்டி தாரணி, மூன்று பிள்ளைகள். மேலே தகரம் போட்ட அறையில் நானும், ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் கோதண்டபாணியும், எங்கள் இரண்டு பிள்ளைகளும். குடித்தனத்துக்கு ஒரு அடுப்பு. ஒரு வஞ்சிரத் தலை யார் தட்டில் விழுவது என்று தொடங்கிய சண்டையில் பிரிந்த அடுப்புகள் அவை. பிரிந்த பிறகு எங்களுக்குள் பெரிய சண்டையே வந்ததில்லை. ஒற்றுமையாக இருக்க வேண்டுமென்றால் உலை தனித்தனியாகக் கொதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கரையைக் காலி செய்யப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது. காலி செய்தால் பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடியில் குடும்பத்துக்கு ஒரு வீடு. ஊருக்கு வெளியே போக வேண்டுமே என்று எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள். நான் வைக்கவில்லை. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு. அதற்காக இரண்டு பஸ் மாறி தி.நகர் வரவும் நான் தயார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

மதியின் சேனலுக்கு 'கால்வா நியூஸ்' என்று பெயர். என் தீபாவளி போனஸில்தான் சட்டையில் குத்துகிற மைக் வாங்கினான். அண்ணன் ஆட்டோவில் ஏறிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். மூடியில்லாத வடிகாலுக்குப் பக்கத்தில் நின்று பேசினான். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் பெண்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எடுத்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்த மீன்காரப் பெண்கள் வீடியோவைப் பார்த்து நான் அழுதேன். ஆனால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதிப் பேர் எங்கள் வீட்டிலேயே இருந்தோம்.

ராத்திரி பகலாக அடுத்தவன் சேனல்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒருநாள் காலையில் பல் தேய்த்தபடியே வந்து, "ஹோம் டூர் அண்ணி" என்றான்.

"இன்னாது?"

"வூட்டைச் சுத்திக் காட்டறது. அதைத்தான் சனம் பாக்குது. பணக்காரன் வூட்டையே எவ்ளோ நாள் பாப்பாங்க? நம்ம வூட்டைக் காட்டுவோம். கரையில கீறவன்லாம் திருடன், குடிகாரன்னு நெனச்சுக்கினு கீறானுங்க இல்ல? மானமா வாழறோம்னு காட்டுவோம்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கழுவினோம். தாரணி எதிர்வீட்டிலிருந்து புது பெட்ஷீட் இரவல் வாங்கி வந்தாள். மாமியார் எனக்குத் தெரியாமலே என் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றார். மதி போனை நீட்டியபடி மேலே வந்து, என் அறையைச் சுற்றிப் பார்த்து உதட்டைச் சுழித்தான்.

"அண்ணி, அந்த அடுப்பைக் கொஞ்சம் கட்டிலுக்கு அடியில தள்ளேன். ஃப்ரேம்ல இடிக்குது. தாரணி அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன்."

"டேய், அடுப்பை மறைக்காதடா. சிந்தாதிரிப்பேட்டையில எங்க அம்மா வூட்டைக் கணக்கெடுக்க வந்தவங்க அடுப்பைத்தான் எண்ணுனாங்க. நம்ம மூணு குடித்தனத்துக்கும் ரேஷன் கார்டு ஒண்ணுதான் கீது. அடுப்பும் ஒண்ணுன்னா குடும்பம் ஒண்ணுன்னு எழுதிக்கினு போயிடுவாங்க."

அவன் சிரித்தான். "யூட்யூப் பாத்துட்டா சர்வே எடுக்கறாங்க? நீ வேற. அஞ்சு நிமிஷம், அப்பறம் எடுத்து வெச்சுக்கோ."

எனக்கும் கேமராவில் வரும் ஆசை இருந்ததுபோல. தள்ளினேன்.

கீழே முன்னறையில் மாமியாரை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, "எல்லாரும் ஒண்ணாத்தானேம்மா சாப்டுவீங்க?" என்று கேட்டான். போதாதா? ஆடத் தெரிந்தவள் காலில் சலங்கையும் கட்டிவிட்ட கதைதான். "எங்க வூட்ல ஒரே அடுப்புதான் நைனா. மூணு புள்ளைங்க, ரெண்டு மருமவளுங்க, அஞ்சு பேரப்புள்ளைங்க, பதினோரு பேருக்கும் என் கையால ஒரே உலை. இந்தப் பொண்ணுங்க இதுவரைக்கும் தனியா ஒரு டீ வெச்சுக் குடிச்சதில்ல!" என்று கண் கலங்கினார். தாரணி என் இடுப்பில் கிள்ளினாள். அடுப்பு பிரிந்த அன்று மாமியார் எங்கள் இருவரையும் வாரிய வார்த்தைகளைத் தெருவே கேட்டிருக்கிறது. அந்தத் தெருதான் அன்றைக்கு வாசலில் நின்று கை தட்டியது.

'ஒரே அடுப்பு, பதினோரு பேர்' என்று தலைப்புப் போட்டு ஏற்றினான். அடுத்த வாரத்துக்குள் தமிழ்நாடே பார்த்துவிட்டதோ என்று தோன்றியது. துபாயிலிருந்து, மலேசியாவிலிருந்து எல்லாம் எழுதினார்கள். இப்படியொரு குடும்பம் கிடைக்காதா என்று ஏங்கினார்கள். மாமியாரை வைத்து ஏழெட்டுப் பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். என் கடையில் புடவை பார்க்க வந்தவர்கள் புடவையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி கல்லாவிலிருந்தே, "குடும்பம்னா இப்படில்லா இருக்கணும்" என்று சொல்லி, அன்று ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி என்னை உட்காரவும் வைத்தார். பிடித்திருந்தது. பொய்யென்று தெரிந்தும் பிடித்திருந்தது.

மதி ஆளே மாறிப்போனான். தாடியைச் சீராக வெட்டிக்கொண்டான். போனில் பேசும்போது தன்னைச் 'சுயாதீனப் பத்திரிகையாளர்' என்று சொல்லிக்கொண்டான். மற்ற சேனல்காரர்கள் தேடி வந்தார்கள். வேலையை விட்டு எடுத்த பத்திரிகையே அவனைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டது. அந்தப் பக்கத்தை மாமியார் சாமிப்படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

பிறகு கணக்கெடுக்க வந்தார்கள்.

அன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. மூன்று அடுப்பிலும் உலை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். வந்த அம்மாவுக்கு வைதேகி என்று பெயர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வீட்டை அளக்கிற டேப். மாமியாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஐயோ, நீங்க தேவானையம்மாதானே! உங்க வீடியோவை எங்க மாமியாருக்கே அனுப்பினேன். இப்படியும் குடும்பம் இருக்குன்னு காட்டறதுக்குத்தான்."

மாமியார் முந்தானையைச் சரி செய்துகொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நான் வைதேகி மேடத்தைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போய் என் அறையைக் காட்டினேன், பின்பக்கம் தாரணியின் அறையைக் காட்டினேன். அவருடைய முகம் வாடிப்போனது.

"நேத்துலேர்ந்து பாக்கறேன், இந்தக் கரையில வீட்டுக்கு வீடு திடீர் திடீர்னு அடுப்பு முளைக்குது. மத்தவங்களை விடுங்க. நீங்களுமா?"

"மேடம், இது பழைய அடுப்பு. கரியைப் பாருங்க. அன்னிக்கு வீடியோவுக்காகக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சோம்."

"வீடியோல ஒண்ணு, இன்னைக்கு மூணு. நான் எதைம்மா நம்பறது?" அவர் கோபப்படவில்லை. ஏமாந்துபோன குரலில் பேசினார். "ஒண்ணு செய்யுங்க. அந்த வீடியோ எடுத்தவர் உங்க வீட்டுப் பையன்தானே? அன்னைக்கு ரெண்டு அடுப்பை மறைச்சு வெச்சுட்டு எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நான் மூணு குடும்பம்னு மாத்திடறேன்."

இவ்வளவுதான் விஷயம். ஒரு கையெழுத்து. மூன்று வரி எழுதினால் மூன்று வீடு.

சாயங்காலம் மதி வந்ததும் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தேன். அவன் பேனாவை எடுத்தான், வைத்தான், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

"அண்ணி, இன்னா கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? வீடியோவை நானே ஜோடிச்சேன்னு எழுதித் தரணும். அந்தப் பேப்பர் வெளிய வந்தா அவ்ளோதான். அடுத்த வாரம் அடையாறுல காலேஜ் பசங்களுக்குப் பேசக் கூப்ட்டுக்கிறாங்க. இன்னா தலைப்பு தெரியுமா? தனி ஆளா நம்பிக்கையான செய்தி குடுக்கறது எப்படின்னு."

"அதைப் பேசு. இதையும் எழுதிக் குடு."

"ரெண்டும் எப்படி அண்ணி முடியும்?"

"மதி, மூணு குடும்பம்டா. ஒரு ரூம்ல பதினோரு பேரு. எனக்கு வயசுக்கு வர்ற பொண்ணு கீது."

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை, எனக்கு அவனைத் தெரியும். அழுதபடியே கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். அதற்குப் பதில் பெரிதாக ஒன்று செய்கிறேன் என்றான். அடுப்பை எண்ணிக் குடும்பத்தை எண்ணுகிற இந்த அநியாயத்தையே வீடியோவாகப் போட்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கிறேன், அப்போது அவர்களே வந்து மூன்று வீடு தருவார்கள் என்றான். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். தமிழ்மாறனும் ஆட்டினார். தம்பி வெளி உலகம் தெரிந்தவனாம்.

மறுநாள் என்னை என் அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கைப் போட்டான். மனசில் இருப்பதைச் சொல்லு அண்ணி என்றான். சொன்னேன். "என் அடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில மறைக்கச் சொன்னாங்க. யார் சொன்னது? இதோ கேமராவுக்குப் பின்னாடி நிக்கிறானே, மதிவாணன், என் கொழுந்தன், இவன்தான் சொன்னான். வீடியோ நல்லா வரணும்னு சொன்னான். அதைப் பாத்துட்டு இப்ப மூணு குடும்பத்துக்கு ஒரே வூடுன்றாங்க. நாங்க எங்க போவோம்?" அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்து வந்தது. மதி விளக்கை அணைத்துவிட்டு, "சூப்பர் அண்ணி" என்றான். பிறகு அப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட்டதுபோலக் குனிந்து ஒயரைச் சுற்றினான்.

வீடியோவை நான் கடையில்தான் பார்த்தேன். கூட நிற்கிற வஜீஹா மூக்கைத் துடைத்துக்கொண்டே போனைக் காட்டினாள். அதில் நான் அழுகிறேன். "என் அடுப்பைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில மறைக்கச் சொன்னாங்க" என்கிறேன். உடனே வைதேகி மேடம் டேப்புடன் எங்கள் சந்துக்குள் நுழைகிற காட்சி, மதி எப்போதோ போனில் பிடித்து வைத்தது. பின்னால் சோகமான வயலின். மறுபடி நான்: "இப்ப மூணு குடும்பத்துக்கு ஒரே வூடுன்றாங்க." நடுவில் இருந்த மதியைக் காணோம். "அடப்பாவிங்க, கணக்கெடுக்க வந்தவங்களே மறைக்கச் சொன்னாங்களாக்கா?" என்று வஜீஹா கேட்டாள். எனக்கு எரிந்தது. கூட்ட நேரம், ஒரு அம்மா மயில் கழுத்துப் பச்சையில் காட்டச் சொன்னார், எடுத்துக் காட்டினேன்.

வீட்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். "நீளமா கீதுன்னு கட் பண்ணேன் அண்ணி. சனம் ஒரு நிமிஷத்துக்கு மேல பாக்காது" என்றான். அந்த மேடத்தை எதற்கடா நுழைத்தாய் என்றதற்கு, காட்சி வேண்டுமே என்றான். எடுத்துவிடு என்றேன். லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது எடுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள் என்றான். மாமியார் குறுக்கே வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

அவன் சொன்னபடி ஊர் திரும்பித்தான் பார்த்தது. வைதேகி மேடத்தின் முகத்தை வட்டம் போட்டு ஆளாளுக்குத் திட்டினார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணை போட்டார்கள். எங்கள் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

பெரிய அதிகாரி இரண்டு வீடியோவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினார். மூலையில் வைதேகி மேடம் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"முதல் வீடியோல ஒரு அடுப்பு. ரெண்டாவதுல, மூணு இருந்துது, மறைக்கச் சொன்னாங்கன்னு. எங்க ஆளு எப்பம்மா உன் அடுப்பை மறைக்கச் சொன்னாங்க?"

"இவங்க சொல்லல சார்" என்றேன்.

"பின்ன யாரு சொன்னது?"

நான் மதியைப் பார்த்தேன். அவன் சொல்ல வேண்டியது அது. அவன் வாயால் வந்தால்தான் எடுபடும் என்று இருந்தேன். அவன் நெற்றி வியர்த்திருந்தது. வாயைத் திறந்தான்கூட. அதற்குள் மாமியார் எழுந்துவிட்டார்.

"நான் சொல்றேன் சார். என் புள்ளை பொய் பேசறவன் இல்ல. மொத வீடியோ நெசம். ஒரே அடுப்புதான். இவளுக்குத்தான் ரொம்ப நாளா தனிக்குடித்தனம் போவணும்னு ஆசை. கணக்கெடுக்க வராங்கன்னதும் அடுப்பு வாங்கியாந்து வெச்சா. கேமராலயும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டா. அண்ணி சொல்றாளேன்னு நம்பி அவன் போட்டுட்டான் சார். சின்னப் புள்ள, அவன் பேரைக் கெடுத்துராதீங்க."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். மற்ற இரண்டும் அவர் பெற்ற குஞ்சுகள்தானே? ஒரு மகனின் பேருக்காக இரண்டு மகன்களின் வீட்டை அந்த மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார், அம்மாவை எதிர்த்துப் பேசாதே என்று. தமிழ்மாறன் காற்றாடியைப் பார்த்தார். தாரணி சத்தமில்லாமல் அழுதாள். மதி திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"அப்படித்தானாப்பா?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

"அம்மா சொன்னா சரியா இருக்கும் சார்" என்றான்.

அதிகாரி எழுதினார். ஒரு குடும்பம், ஒரு வீடு. வைதேகி மேடத்திடம், நாளையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார். இரண்டாவது வீடியோவுக்கு வருத்தம் தெரிவித்துப் போட வேண்டும் என்று மதியிடம் சொன்னார். உறவினர் கொடுத்த தவறான தகவலால் நேர்ந்தது என்று போட்டால் போதுமா என்று மதி கேட்டான். போதும் என்றார்.

வெளியே வந்தோம். மாமியார் மகன்களோடு டீக்கடைக்கு நடந்தார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கடைக்குப் போனால் அரை நாள் சம்பளமாவது தேறும். மதி பின்னாலேயே வந்தான். முகம் கோணியிருந்தது.

"அண்ணி, அம்மா பேசினப்ப நீ ஏன் வாயே தொறக்கல? நீ ஒரு வார்த்தை என் பேரைச் சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன். சத்தியமா."

"சொன்னேனே மதி. கேமராவைப் பாத்து உன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன். நீதான் வெட்டிட்ட."